டிக்கெட் கொடுக்க ஆளில்லை, அபராதம் போட ஆளுண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு நிலையங்களில் ரயில் நிற்பது வீண் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் டிக்கெட் விற்பனைக் கணக்கைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படிக் குறைந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

கிராமத்து ஹால்ட்களில் ஸ்டேஷன் மாஸ்டரும் கிடையாது, சிக்னலும் கிடையாது. மஞ்சள் பலகை, சிமென்ட் பெஞ்சு, ஒரு சின்ன கவுன்டர், அவ்வளவுதான். அந்தக் கவுன்டரைத் திறப்பவரும் ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷன் ஏஜென்ட். பக்கத்துப் பெரிய நிலையத்தில் கைக்காசைக் கட்டி டிக்கெட் வாங்கி வந்து, வண்டி வரும் நேரத்தில் விற்பார். குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். அதில் கமிஷன் என்று என்ன மிஞ்சும்? கொரோனாவில் வண்டிகள் நின்றபோது அந்த வரும்படியும் போயிற்று. பிறகு அதே பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று ஓட்டி 30 ரூபாய் வாங்கினார்கள். பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில். அதற்குள் பாதிப் பேர் மினி பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். எங்கள் ஊர் ஏஜென்ட்டும் வேறு பிழைப்பு பார்க்கப் போய்விட்டார். கவுன்டர் பூட்டிக் கிடக்கிறது.

ஏஜென்ட் இல்லாத ஊரில் ஏறுகிறவர் என்ன செய்வது? சட்டத்தில் வழி இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, அதிகாரம் உள்ள ஊழியரிடம் அனுமதி கேட்டு, பிறகு கட்டணம் கட்டுவதாகச் சான்று எழுதி வாங்கிக்கொண்டு பயணம் செய்யலாம். நடைமுறையில் அந்த ஊழியர் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுதான். இப்போது அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி நிற்பதோ ஒரு நிமிடம். தாழ்ந்த பிளாட்பாரத்திலிருந்து பூக்கூடையை முதலில் உள்ளே தள்ளி, கைப்பிடியை எட்டிப் பிடித்து, யாராவது கைகொடுத்தால்தான் எங்கள் ஊர் ஆச்சிகள் ஏற முடியும். அவர்கள் கடைசிப் பெட்டிவரை ஓடிச் சான்று வாங்கிவர வேண்டுமாம்! வாங்காமல் ஏறினால், இறங்குமிடத்தில் டிக்கெட் காசோடு 250 ரூபாய் அபராதம். மாட்டியவர் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போகிறார். மாட்டாதவர் கணக்கிலேயே வருவதில்லை. இரண்டில் எது நடந்தாலும் எங்கள் நிலையத்தின் விற்பனை பூஜ்யம்தான்.

செல்போனில் எடுக்கலாமே என்பார்கள். நான் எடுக்கிறேன். வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நிலையத்துக்குள் வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாக வேண்டும். எங்கள் ஹால்ட்டில் அந்தத் தாள் வெயிலில் வெளுத்து, பாதி உரிந்து தொங்குகிறது. பட்டன் போன்காரர்களுக்கு அதுவும் இல்லை.

ஊருக்கு ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும் என்று கேட்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப்போனபோது, செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைத்ததால் சுமார் 800 பயணிகள் தப்பினார்கள். அந்த மாதிரிப் பொறுப்புக்கு அதிகாரிகள் வேண்டும். ஹால்ட்டுக்கு வேண்டியது டிக்கெட் கொடுக்க ஒரு ஆள். ராஜஸ்தானில் நாகௌர் மாவட்டத்தின் ஜால்சு நானக் ஹால்ட்டை ஊர்மக்களே பணம் திரட்டி நடத்தி வந்திருக்கிறார்கள். இங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஏஜென்சியைக் கொடுக்கலாம். ஆனால் விற்றால்தான் காசு என்றால் யாரும் வரமாட்டார்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை உறுதி செய்ய வேண்டும்.

அதுவரைக்கும், டிக்கெட் கிடைக்காத நிலையத்தில் ஏறியவர் இறங்குமிடத்தில் அபராதமின்றிக் கட்டணம் கட்ட ஏற்பாடு செய்யலாம். ஜப்பானின் ஆளில்லா நிலையங்களில் வண்டிக் கதவருகே எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் உண்டியலில் காசைப் போடுகிறார்கள். நம் கூட்டத்துக்கு அப்படியே ஒத்துவராதுதான். இறங்கிய பிறகு வாங்கிக்கொள்வது ஒத்துவரும்.

நிறுத்தத்தை எடுப்பதென்று முடிவு செய்வதற்குமுன், டிக்கெட்டை விட்டுவிட்டு ஒரு வாரம் தலைகளை எண்ணட்டும். அதையும் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில், காலை வண்டிக்கு வந்து எண்ணட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்