வைண்டிங் பட்டறை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நாங்கள் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டப் பார்த்த ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிப் போர்டில் நாலு கோரும் (சிப்பின் கணக்கிடும் மையங்கள்) எழுந்துவிட்டன. தோட்டத்து மோட்டார் பெட்டிக்குள் வைத்தும் எழுகின்றன. இதற்கு முன் அதே போர்டு மேசையில் ஒழுங்காக நடந்து, தோட்டத்தில் மட்டும் தொடங்காமல் நின்று படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப அளக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய கணக்கு மட்டும் பாக்கி.

முதல் கணக்கு, கோவை கணபதியில் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. மேசையில் ஒரு மூலையும் ஒரு ப்ளக் பாயின்டும் கேட்டோம், கொடுத்தார். அதையாவது இந்த ஊரில் வேறு யாரும் கொடுத்திருப்பார்கள். ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தபோது, கையில் செம்புக் கம்பியோடு நின்றபடியே அவர் கேட்டதுதான் விஷயம்: “ஏனுங் தம்பி, கரண்டப் புடுங்கியாச்சுன்னீங்க. அந்தப் பச்சை லைட்டு இன்னும் மங்கலா எரியுதுங்களே?”

மீட்டரையும் அவரே வைத்தார். 3.3 வோல்ட் லைனில் 1 வோல்ட்டுக்கு மேல் நின்றது. மின்சாரம் வந்த வழி, போர்டின் லாக்கைப் படிக்க லேப்டாப்பில் சொருகியிருந்த சீரியல் கேபிள். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது மேல் (வோல்ட் உள்ள) நிலையில்தான் இருக்கும். போர்டுக்குக் கரண்டு இல்லாதபோது அது சிப்பின் உள்ளீட்டுக் காலில் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக உள்ளே கசியும். மின்னழுத்தம் அடிவரை இறங்காது, நினைவகமும் பழைய எண்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்சின் (கெர்னல் கோடில் செய்த மாற்றத்தின்) கீழே ‘கோல்டு பூட்டில் சோதித்தது’, அதாவது கரண்டை அடியோடு நிறுத்திவிட்டுப் புதிதாக எழுப்பியது, என்று நாங்கள் தைரியமாக எழுதிய வரி எதுவும் உண்மையான கோல்டு பூட் இல்லை.

தோட்டத்தில் தொடங்காமல் நிற்கிற போர்டு மேசைக்கு வந்தால் ஏன் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு விடை இதுதான். பார்க்க வேண்டுமென்று கேபிளைச் சொருகினோம். சொருகிய கேபிளே பிழையை மறைத்தது.

மீதி, கோடைத் திறந்து பார்த்ததும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ரிஸ்க்-ஃபைவில் எஸ்.பி.ஐ-யின் (கெர்னலும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறை) ஹெச்.எஸ்.எம் என்ற கோர் எழுப்பும் வசதி உள்ள ஃபர்ம்வேர் (கெர்னலுக்கு முன் ஓடும் மென்பொருள்) என்றால், கெர்னல் கேட்கும்போது ஒவ்வொரு கோராக எழுப்பித் தரும். இந்தப் போர்டின் ஃபர்ம்வேர் பழசு. எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் தள்ளிவிடும். ஒன்று மட்டும் வேலையைத் தொடங்க, மற்றவை ஒரு அட்டவணையில் தத்தம் கட்டத்தைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பூஜ்யம் இல்லாத எண் வந்தால், அதை ஸ்டாக் (கோரின் தற்காலிக வேலையிடம்) முகவரியாக எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அந்த அட்டவணையை நாம் பி.எஸ்.எஸ் (தொடக்க மதிப்பு பூஜ்யமான மாறிகளுக்கான) பகுதியில் விட்டிருந்தோம். பி.எஸ்.எஸ் கெர்னல் கோப்புக்குள் இருக்காது. முதல் கோர்தான் அதைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்குள் மற்ற கோர்கள் வந்து பார்த்தால் கண்ணில் படுவது நினைவகத்தில் கிடக்கும் குப்பை. குப்பையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். எழுந்த கோர் தன் கட்டத்தைத் திரும்பப் பூஜ்யமாக்கும்படி எழுதியிருந்ததால், பழைய நினைவு தங்கியிருந்த மேசையில் மட்டும் எல்லாம் சுத்தமாக நடந்தது.

லினக்ஸின் சொந்த ரிஸ்க்-ஃபைவ் கோடிலேயே அந்த அட்டவணையை வலிந்து, கெர்னல் கோப்போடு சேர்ந்தே வரும் டேட்டா பகுதியில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு குறிப்பு நமக்கு அலங்காரமாகத் தெரிந்தது, எடுத்துவிட்டோம். ரிவ்யூ செய்தவர்களும் தலையாட்டினோம். ‘= 0’ என்று எழுதினாலும் தப்ப முடியாது, ஜி.சி.சி கம்பைலர் அதையும் பி.எஸ்.எஸ்ஸில்தான் போடும். பேட்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி இந்தப் பிழையைப் பற்றி வாயே திறக்காது. கியூஎமுவில் (போர்டைப் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டினாலோ நினைவகம் ஆரம்பத்திலேயே பூஜ்யம், பிழை தலைகாட்டவே காட்டாது. கண்டுபிடிக்க ஒரே ஒரு எழுத்து போதும்: கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்.எம் கட்டளையில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘பி’ வந்தால் தப்பு, ‘டி’ வந்தால் சரி.

இனி புதுச் சிப்புக்கான பேட்ச் எதற்கும், கரண்டு எப்படித் துண்டிக்கப்பட்டது என்று எழுதாமல் சோதனை வரியை நாங்கள் ஏற்கமாட்டோம். கோல்டு பூட்டுக்கு லேப்டாப்பிலிருந்து போர்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள். லாக் படிக்க, போர்டிலிருந்து வரும் வயரும் கிரவுண்டும் போதும். மீட்டர் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து 20 தடவை எழுப்புங்கள். அவசரமென்றால், கெர்னலை ஏற்றும் யூ-பூட்டில், நினைவகத்தில் எழுதும் எம்.டபிள்யூ கட்டளை போட்டு பி.எஸ்.எஸ் விழப்போகும் இடத்தைக் குப்பை எண்ணால் நிரப்பிவிட்டு பூட் செய்யுங்கள். கேபிள் இருந்தாலும் குட்டு வெளிப்படும்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. ஒரே மூட்டையாக இருந்த மாற்றத்தை, எந்த இடத்தில் நிறுத்தினாலும் கம்பைல் ஆகும்படி பிரித்துக் கொடுத்த தங்கைக்கு நன்றி. பிழை நுழைந்த மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் வேலை செய்ததே அதனால்தான். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ விவரணையை டி.டி.பி.எஸ் செக் என்ற சரிபார்ப்பில் ஓட்டி எச்சரிக்கை ஒவ்வொன்றாய்த் தீர்த்த ஈரோட்டுத் தம்பிக்கும், கேஷ் லைன் (சிப்பின் விரைவு நினைவகத்தில் ஒரு துண்டு) அளவை எங்கேயும் நேரடி எண்ணாக எழுதாதீர்கள் என்று விடாமல் சண்டை போட்ட பெரியவருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கும் அரிசிம்பருப்புச் சோற்றைச் சூடாக எடுத்துவந்த பட்டறை அக்காவுக்கும் அப்படியே. கேஷ் லைன் சண்டை இன்னும் முடியவில்லை, பெரியவர் சொன்னதுதான் சரியென்று மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு மனக்குறை. அண்ணன் பெயரை பேட்சைச் சோதித்தவரைக் குறிக்கும் ‘டெஸ்டட்-பை’ வரியில் போட ஆசைப்பட்டோம். அந்த வரிக்குச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும். கேட்டோம். “லைட்டு எரியுதுன்னு சொன்னதுக்கெல்லாம் பேரு எதுக்குங்க” என்று சிரித்துவிட்டு மோட்டாருக்குத் திரும்பிவிட்டார். அதனால்தான் பேட்சில் இல்லாததை இங்கே எழுத வேண்டியதாயிற்று. மேசையில் இருந்த மீட்டர் வயர் உங்களுடையதுதான், அண்ணா. எங்களுடையதோடு கலந்து வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோமுங்க.