முதல் பந்திக்கே போ, ஆனால் அடுத்த வருடம்

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே அமெரிக்காவில் டாக்டராவதற்கு எம்.டி., டி.ஓ. என்று இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. அதில் டி.ஓ.வுக்கு இந்த வருடமே விண்ணப்பிக்கலாமா என்று நீ கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் விண்ணப்பம் போட வேண்டாம். அடுத்த மே மாதம் ஏகோமாஸ், அதாவது டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம், திறந்ததும் முதல் ஆட்களில் ஒருத்தியாகப் போடு. அம்மாவுக்கும் இதே எண்ணம்தான். ஆனால் "அப்பா சொன்னார்" என்பதற்காக நீ எதையும் செய்கிறவள் இல்லை. அதனால் காரணங்களை எழுதுகிறேன், ஆற அமரப் படி.

ஆகஸ்ட் கடைசியில் எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதுகிறேன், செப்டம்பர் கடைசியில் மதிப்பெண் வந்துவிடும், அக்டோபரில் டி.ஓ. கல்லூரிகளுக்கு அனுப்பிவிடுகிறேன், பல இடங்களில் கடைசி தேதியே பிப்ரவரி, மார்ச்தான் என்கிறாய். தேதிக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்லூரிகள் எல்லா விண்ணப்பங்களும் வந்து சேரட்டும் என்று காத்திருந்து ஒரே நாளில் பட்டியல் போடுவதில்லை. வர வர எடுத்துப் பார்க்கிறார்கள், கூப்பிடுகிறார்கள், இடம் கொடுக்கிறார்கள். கல்யாணப் பந்தி மாதிரிதான். கடைசிப் பந்திக்கும் இலை போடுவார்கள், ஆனால் அதற்குள் வடையும் பாயசமும் தீர்ந்திருக்கும். கோடையிலேயே கோப்பு முழுமையான பிள்ளைகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நேர்காணலுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். உன் கோப்பு முழுமையாகும்போது நவம்பர் ஆகிவிடும். அப்போது மிஞ்சியிருக்கும் இடங்களுக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கும்தான் நீ போட்டி போட வேண்டியிருக்கும்.

எம்.டி. கல்லூரிகளைவிட டி.ஓ. கல்லூரிகளின் கடைசி தேதி பல இடங்களில் தள்ளி இருப்பதால்தான் இந்த எண்ணம் நிறையப் பேருக்கு வருகிறது. கடைசி தேதி என்பது கதவை அடைக்கும் நேரம். நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் அது இல்லையே.

அடுத்தது எம்கேட். 472-இல் தொடங்கி 528-இல் முடியும் பரீட்சை. டி.ஓ. கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி சமீப வருடங்களில் 504-ஐ ஒட்டி இருக்கிறது. நீ வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் 496 வந்தது என்றாய். உனக்கு அறிவு போதாது என்று அர்த்தமில்லை. வாரம் நாலு நாள் எமர்ஜென்சியில் டாக்டர்களுக்குக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலை, அதில் பாதி இரவு ஷிஃப்ட், அதற்கு மேல் பயோகெமிஸ்ட்ரி வகுப்பு. இதற்கு நடுவில் ஏழரை மணி நேரப் பரீட்சைக்கு எப்போது படிப்பாய்? எழுதிவிட்டுச் சரியாக வராவிட்டால் மறுபடி எழுதலாம்தான், வருடத்துக்கு மூன்று முறை வரை அனுமதி உண்டு. ஆனால் எழுதிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும். தயாராகாமல் எழுதிய ஒரு தேர்வு நீ போகிற இடமெல்லாம் கூடவே வரும். ஜனவரியிலும் தேர்வு உண்டு, அப்புறம் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை உண்டு. அவசரமே இல்லை.

பயோகெமிஸ்ட்ரியைப் பற்றி இன்னொன்று. மறுபடி எடுத்தால் பழைய சி கிரேடு போய்விடும் என்று உன் தோழி சொன்னாளாம். அது பழைய விதி. ஏகோமாஸ் அதை 2017-இலேயே எடுத்துவிட்டது. இப்போது பழைய கிரேடு, புதிய கிரேடு இரண்டையும் சேர்த்துத்தான் ஜிபிஏ என்கிற கிரேடு சராசரியைக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் மறுபடி எடுப்பது வீணா என்றால், இல்லை. பழைய சி-க்குப் பக்கத்தில் புதிய ஏ இருந்தால் படிக்கிறவர்களுக்குக் கதை புரியும். ஆனால் அந்த ஏ ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி மதிப்பெண் பட்டியலில், ஏறியிருக்க வேண்டும். இந்த வருடம் அனுப்பினால் அது "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு வரியாகத்தான் போகும்.

உன் அவசரத்துக்குப் பாதிக் காரணம் திருச்சியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் சொந்தத்தில் உன்னைவிட ஒரு வயது சின்னவன், பிளஸ் டூ முடித்து நேரே எம்.பி.பி.எஸ். போனவன், இப்போது ஹவுஸ் சர்ஜனாகக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு படம் அனுப்புகிறான். பாட்டியும் போனை எடுத்ததும் "நம்ம யாழினி எப்போ டாக்டராவா?" என்று கேட்கிறார். அங்கே நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. இங்கே நாலு வருடம் கல்லூரி முடித்த பிறகுதான் மருத்துவமே ஆரம்பம். இரண்டும் வேறு வேறு பாதை. இந்த ஊர் மருத்துவக் கல்லூரிகளில் முதல் வருட வகுப்பில் 25, 26 வயது ரொம்பச் சாதாரணம். பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடன் விதி மாறுகிறது, அதனால் சீக்கிரம் சேர வேண்டும் என்றும் சொன்னாய். 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அதோடு சரி. பெரிய மாற்றம்தான், எனக்கும் கவலை உண்டு. ஆனால் இந்த வருடம் விண்ணப்பித்தாலும் நீ சேரப்போவது அடுத்த வருடம். எப்படியும் புதிய விதிக்குள்தான் வருவாய். முந்தினாலும் பிந்தினாலும் இதில் லாபமில்லை. உண்மையில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார். மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ யுனிவர்சிட்டி மாதிரி அரசுக் கல்லூரிகள் கொஞ்சம்தான். அங்கே உள்மாநிலக் கட்டணத்தில் இடம் கிடைத்தால் கடன் எவ்வளவோ குறையும். அந்த மாதிரி இடங்களுக்கு அரைகுறைக் கோப்போடு நவம்பரில் போய் நிற்காதே.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். "எம்.டி. கஷ்டம், டி.ஓ.வுக்காவது போட்டுப் பார்க்கிறேன்" என்று சொன்னாயே, அந்த "ஆவது" எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக மிச்சிகன் ஆஸ்பத்திரிகளில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இந்த மாநிலத்தில் டி.ஓ.க்கள் ஏராளம். ரவுண்ட்ஸில் என் பக்கத்தில் நிற்பது எம்.டி.யா டி.ஓ.வா என்று மருந்துச் சீட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

போன குளிர்காலத்தில் நிமோனியாவோடு ஒரு வயதான அம்மா வார்டில் இருந்தார். மூச்சு இழுத்தால் விலா வலிக்கிறது என்று அரைகுறையாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ரெசிடென்ட் டாக்டர் ஒரு டி.ஓ. பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கைகளையும் அந்த அம்மாவின் முதுகுக்கு அடியில் நுழைத்தாள். முதுகெலும்புக்குப் பக்கத்தில், விலா எலும்பு தொடங்கும் இடத்தில் விரல் நுனிகளை வைத்து மெதுவாக மேலே தூக்கினாள், விட்டாள். ஒரு விலா கீழே தள்ளி, மறுபடியும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா தைரியமாக மூச்சை இழுத்துவிட ஆரம்பித்தார். நோயைக் குணப்படுத்துவது ஆன்டிபயாடிக்தான், அதை அந்தப் பெண்ணே சொல்வாள். ஆனால் நோயாளி உடம்பில் கை வைக்கத் தெரிந்த டாக்டர் என்பது வேறு ஒரு ரகம். இதற்காகவே அவர்கள் படிப்பில் சுமார் 200 மணி நேரம் கூடுதல் பயிற்சி இருக்கிறது.

இந்த மருத்துவத்துக்கு ஆஸ்டியோபதி என்று பெயர். அதை உருவாக்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் அதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள், அந்தக் காலத்தில் எத்தனை பெரிய விஷயம்! பிறகு 1962-இல் கலிபோர்னியாவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் 65 டாலர் கட்டி டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றிக்கொண்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பட்டம். மற்ற மாநிலக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் இன்று இந்த நாட்டு மருத்துவ மாணவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரியில் இருக்கிறார்கள். பட்டத்துக்குப் பிறகு வரும் ரெசிடென்சிப் பயிற்சிக்கும் 2020-இலிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான். சில போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ.க்களுக்கு இன்னும் பாதை செங்குத்து, அதையும் தெரிந்தே போ. பலர் டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு, எம்.டி.க்கள் எழுதும் யுஎஸ்எம்எல்இ-யும் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஏன் ஆஸ்டியோபதி?" என்று ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பக் கட்டுரையில் கேட்பார்கள், நேர்காணலிலும் கேட்பார்கள். உன்னிடம் இப்போது அதற்குப் பதில் இல்லை. நீ வேலை பார்க்கும் இடத்தில் கூட இருப்பவர்கள் எல்லாம் எம்.டி.க்கள். பல கல்லூரிகள் ஒரு டி.ஓ.விடமிருந்து பரிந்துரைக் கடிதம் எதிர்பார்க்கின்றன, சில இடங்களில் அது கட்டாயம். ஒரு மத்தியானம் கூட நின்றுவிட்டு வாங்குகிற கடிதத்தில் உன் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது. சில மாதங்கள் ஒரு டி.ஓ. கிளினிக்கில் போய் நின்று பார். பார்த்துவிட்டு இது எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்லதுதான். அப்போது எம்.டி.க்கு மட்டும் போடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

"இந்த வருடம் இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேனே" என்பாய். வேண்டாம். அடுத்த முறை அதே கல்லூரிக்குப் போட்டால், முன்பு விண்ணப்பித்தாயா, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்பார்கள். செலவும் சும்மா இல்லை. ஏகோமாஸ் கட்டணம் தனி, செகண்டரிக்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி. அந்தப் பணத்தை எம்கேட் படிப்புக்குப் போடு, அதற்கு மேல் ஆவதை நான் தருகிறேன்.

என் யோசனை இது: டிசம்பருக்குள் பயோகெமிஸ்ட்ரியை முடி. நவம்பரிலிருந்தே ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு மார்ச் அல்லது ஏப்ரலில் எம்கேட் எழுது. மாதிரித் தேர்வுகளில் 505-க்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் தேதியைத் தள்ளு. கடிதம் தருகிறவர்களிடம் பிப்ரவரியிலேயே சொல்லிவை. மே மாதம் ஏகோமாஸ் திறந்ததும் ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் அனுப்பிவிடு. அவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆகும், கூட்டம் சேரச் சேர இன்னும் இழுக்கும். இந்தச் சரிபார்ப்புக்கு எம்கேட் மதிப்பெண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் மே முதல் வாரத்திலேயே அனுப்பலாம். மே முடிவிலும் மதிப்பெண் திருப்தியாக இல்லை, கடிதம் வரவில்லை என்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். ஆனால் "இன்னும் கொஞ்சம் மெருகேற்றுகிறேன்" என்று அதற்கு அடுத்த வருடத்துக்கும் தள்ளப் பார்த்தால் அப்போது எதிர்ப்பக்கம் நின்று வாதாடுவதும் நான்தான்.

ஆகஸ்ட் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாய் அல்லவா? நாள் நெருங்க நெருங்க, ரத்து செய்தால் திரும்பி வரும் பணம் குறையும், அதனால் இந்த வாரமே பார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபேமிலி மெடிசின் டி.ஓ. ஒருவர் மாணவர்களைக் கூட நிற்க அனுமதிக்கிறார். நீ சரி என்றால் அவருடைய அலுவலக எண்ணை அனுப்புகிறேன், பேச வேண்டியது நீதான். ஞாயிற்றுக்கிழமை இரவு ஷிஃப்ட் இல்லை என்றாயே, மத்தியானம் கூப்பிடு. அம்மாவும் கூட இருப்பாள்.

அன்புடன்,
அப்பா