சிரிக்கும் முகமும் விசையில் இருக்கும் விரலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வார இறுதிப் பொழுதுபோக்குகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். கத்தி செய்வதும் இலக்குச் சுடுதலும் எனக்குப் பல ஆண்டுப் பைத்தியங்கள். அவற்றைப் பற்றிப் பொது இதழில் ஒரு பத்தி வருவதே அபூர்வம். இரண்டாம் முறை படித்தபோது கையில் சிவப்புப் பேனா இருந்தது.

முதலில் அந்த முழுப்பக்கப் படம். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளைக் கையில் ஏந்திய இளைஞர் ஒருவர் கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். ‘பயிற்சிக்குத் தயார்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய ஆள்காட்டி விரல் விசையின்மேல் சௌகரியமாக மடிந்து கிடக்கிறது. குழலின் வாய், படம் எடுத்தவருக்கு இரண்டடி தள்ளி, ஓரத்தில் நிற்கும் இன்னொருவரின் முழங்காலை நோக்கி இருக்கிறது. துப்பாக்கி காலியாகத்தான் இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘காலிதானே’ என்ற சொல்லை நான் சுடுதளத்தில் கேட்டாலே அன்றைய வகுப்பு நின்றுவிடும்.

விரலை விசையிலிருந்து விலக்கி, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே நீட்டி வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் நம் உடம்பில் இருக்கிறது. கால் தடுக்கினாலோ திடீரென்று சத்தம் கேட்டாலோ மனிதனின் கை தானாக இறுகும். ஒரு கையால் எதையாவது அழுத்திப் பிடித்தால் மற்றக் கையின் விரல்களும் கொஞ்சம் சேர்ந்து மடங்கும். மூளை ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குள் விரல் தன் வேலையை முடித்திருக்கும். உங்கள் புகைப்படக்காரரின் ஃபிளாஷ் வெளிச்சமே ஒருவரைத் திடுக்கிட வைக்கப் போதும். ஏர் ரைபிள் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: போட்டித் துப்பாக்கியிலிருந்து 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

என்னிடம் புதிதாக வருபவர்கள் முதல் நாள் ஒரு பெல்லட்டைக்கூடத் தொடுவதில்லை. துப்பாக்கியை மேசையிலிருந்து எடுப்பார்கள், திறந்து பார்ப்பார்கள், அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர், கொடுத்தவர் திறந்து பார்த்ததைத் தம் கண்ணால் பார்த்திருந்தாலும், மறுபடி திறந்து பார்ப்பார். குழல் காலி என்பதைத் தூரத்தில் நிற்பவருக்கும் காட்ட, உள்ளே நிறக் கயிறு ஒன்றைச் செருகிவைப்பார்கள்; உங்கள் படத்தில் அந்தக் கயிற்றையும் காணோம். ஒன்றரை மணி நேரம் இதுதான் நடக்கும். ஒருமுறை பதினாறு வயதுப் பையன் ஒருவன் பொறுமையிழந்து, “சார், எப்போது சுடுவோம்?” என்று கேட்டான். கேட்கும்போதே உடம்பைத் திருப்பினான். துப்பாக்கியும் கூடவே திரும்பியது. நான் பதில் சொல்லவில்லை. குழலின் வாய் யாரைப் பார்க்கிறது என்று மட்டும் காட்டினேன். அது அவனுடைய தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

‘குறி கிடைத்ததும் தயங்காமல் சுட்டுவிட வேண்டும்’ என்றும் கட்டுரையில் இருக்கிறது. எங்கள் விளையாட்டில் இதற்கு நேரெதிராகத்தான் கற்றுத்தருகிறோம். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பேனா முனையால் வைத்த புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தேர்ந்தவர் நின்றாலும் குழல் அசையும். நெஞ்சு துடிக்கிறதே, அசையாமல் எப்படி இருக்கும்? பாதி மூச்சை விட்டு நிறுத்தி, அசைவு அடங்கும்போது விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார்கள். பத்து நொடிக்குள் அமையாவிட்டால் கண் களைக்கும், தசை நடுங்கும். அப்போது சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். 60 குண்டுகளுக்குப் போட்டியில் 75 நிமிடம் தருகிறார்கள். இப்படி இறக்கி வைப்பதற்கும் அதில் நேரம் இருக்கிறது. நல்ல சுடுநர் யார் என்று எனக்கு இலக்கு அட்டையைப் பார்த்துத் தெரிவதைவிட, அவர் எத்தனை முறை சுடாமல் இறக்கினார் என்பதைப் பார்த்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இனி கத்திக்கு வருகிறேன். ‘செக்கச் சிவந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கத்தி தயார், காலையில் தொடங்கினால் மாலையில் நறுக்கலாம்’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. என் முதல் கத்தியும் ஏறக்குறைய அப்படித்தான் பிறந்தது. அது எப்படிச் செத்தது என்று சொல்கிறேன்.

நல்ல உருக்குப் பட்டை வாங்கி, ராவி, வடிவம் எடுத்து, உலையில் பழுக்கவைத்து, எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்கினேன்; இதைத்தான் தோய்ச்சல் என்போம். ஆறியதும் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். கடிக்கவில்லை, கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. தோய்ச்சல் ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம். தலைகால் புரியாத சந்தோஷம். மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. இடுப்பு உயரம்தான். சிமென்ட் தரையில் பீங்கான் உடைவதுபோல் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டுத்துணிபோல மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது மணல் ஒட்டியதுபோல் மினுமினுவென்று சொரசொரப்பாக இருந்தது. அளவுக்கு மீறிச் சூடாக்கியதால் உள்ளே துகள்கள் பருத்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். ஆக, நான் செய்த பிழை ஒன்றல்ல, இரண்டு: கூடுதல் சூடு கொடுத்தேன், தோய்ச்சலுக்குப் பின் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தாமல் விட்டேன்.

‘செக்கச் சிவந்த’ என்பது ஒரு அளவே ஆகாது. வெயிலில் மங்கலாகத் தெரியும் அதே சூடு இருட்டறையில் கண்ணைப் பறிக்கும். அதனால் சன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும், அதாவது அதில் ஒட்டாது. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் விரும்பி வாங்கும் 1084 என்ற உருக்குக்கு அதற்குச் சற்று மேலே, 815 டிகிரி வாக்கில், தோய்ச்சல் கொடுக்க வேண்டும். எண்ணெயைச் சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால் அது இளகி, கத்தியின் அலகைச் சுற்றி நன்றாக ஓடும். தண்ணீர் இதே வேலையை மூர்க்கமாகச் செய்கிறது. மெல்லிய கூர்ப்பக்கமும் தடித்த முதுகும் ஒரே நேரத்தில் ஆறாமல் ஒன்றையொன்று இழுத்து, ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கத்தி செய்பவர்கள் வெறுக்கும் சத்தம் அது. கேட்டால் எங்கோ விரிசல் விட்டுவிட்டது என்று பொருள். தண்ணீரில் தோய்ப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் உடையப்போவதற்கும் கணக்கு வைத்துக்கொண்டு உட்காருபவர்கள்.

அதன் பிறகு வருவது பதம். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கேக் சுடும் சாதாரண மின்அடுப்பே போதும், ஆனால் அதன் திருகியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைக்க வேண்டும். பளபளவென்று தேய்த்து வைத்த அலகு வைக்கோல் நிறத்துக்கு மாறும். கடினம் கொஞ்சம் குறைந்து, உடையும் குணம் பெருமளவு போய்விடும். நீலம் ஏறிவிட்டால் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கும். சுருள்வில்லுக்கு ஆகலாம், கூருக்கு ஆகாது. இந்த நான்கு மணி நேரமும் தீப்பொறி கிடையாது, சம்மட்டி கிடையாது, படம் எடுக்க ஒன்றும் கிடையாது. கட்டுரையில் இடம் கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

டமாஸ்கஸ் வரிகள் ஓடும் கத்தி கூடுதல் கூராக இருக்கும் என்று கட்டுரை சொல்வதும் தவறு. வெவ்வேறு உருக்குகளை அடுக்கி, ஒட்ட அடித்து, உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் நனைத்தால் நிக்கல் கலந்த அடுக்கு வெளுப்பாகவும் மற்றது கருப்பாகவும் தெரியும். பார்க்க அழகு, அவ்வளவுதான்.

இன்னொரு படம், அதையும் விட மனமில்லை. துணிக் கையுறை மாட்டிய ஒருவர் சுழலும் பஃப் சக்கரத்தில் கத்தியை மெருகேற்றுகிறார். வெளியில் இருப்பவர்களுக்கு உலைதான் பயங்கரமாகத் தெரியும். எங்கள் வட்டத்தில் எல்லோரும் அஞ்சுவது இந்தச் சாதுவான துணிச் சக்கரத்தை. கூர்ப்பக்கம் சக்கரம் வரும் திசைக்கு எதிராகச் சற்றே சாய்ந்தால் போதும், கத்தியைப் பிடுங்கி எறிந்துவிடும். எறியும் திசையில் பெரும்பாலும் நம் தொடையோ வயிறோதான் இருக்கும். கையுறை பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதன் நூல் ஒன்று சிக்கினால் சக்கரம் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சாணை பிடிக்கும்போதும் நான் வெறுங்கையோடுதான் நிற்பேன். அலகு சூடாவதை விரல் உடனே சொல்லிவிடும். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத் தொடர்வேன். கையுறை இருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. கண்மூடித் திறப்பதற்குள் கூர் நீலமாகி, நான்கு மணி நேரப் பதமும் வீணாகிவிடும். மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம் வேண்டும். படத்தில் இருப்பவரிடம் இரண்டும் இல்லை.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவருக்கு ஒரே நாளில் கத்தி வேண்டுமாம். உடைந்த அந்த இரண்டு துண்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். பழைய ஆணிப்பெட்டி ஒன்றில் இன்னும் வைத்திருக்கிறேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

அந்தக் கட்டுரையை மறுபடி எங்கேனும் வெளியிட நேர்ந்தால், துப்பாக்கிப் படத்தை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். என் மாணவர்கள் விரலை நீட்டிப் பிடித்து, குழலைத் தரை நோக்கித் தாழ்த்தி, நிறக் கயிறு செருகி நிற்கும் படம் ஒன்றை அவர்கள் சம்மதத்தோடு அனுப்பிவைக்கிறேன். அதில் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இலக்குச் சுடுதல் பயிற்றுநராகவும் இருக்கும் வாசகர் ஒருவர்