பழைய பேசிக்ல கேள்வி கேட்டா அதுக்குப் பதில் சொல்லுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதிய நான் விடாம படிக்கிற ஆளு. போன வாரம் ஒரு ஸ்டூடண்ட், பேசிக்ங்கற பழைய கம்ப்யூட்டர் மொழியில ஒரு வகையான கியூபேசிக்ல ரேண்டம் நம்பர் போட்டா புரோகிராமை எத்தனை தடவை ஓட்டினாலும் அதே நம்பருங்க அதே வரிசையில வருதே ஏன்னு கேட்டிருந்தாங்க, அதுக்கு உங்க ஆளு குடுத்த பதில், அது காலாவதியான மொழி பைத்தான் கத்துக்கோங்கன்னு ஒரே வரி. சைக்கிள் செயின் கழண்டுடுச்சு எப்படி மாட்டுறதுன்னு கேட்டா வேற சைக்கிள் வாங்கிக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு சார் இது. கேள்வி நல்ல கேள்வி, பதில் தான் வரல.

அந்தப் பதில நானே சொல்லிடுறேன். கம்ப்யூட்டர் நெஜமாவே குலுக்கிப் போட்டு நம்பர் எடுக்கிறது இல்ல, ஒரு ஆரம்ப நம்பர வச்சு கணக்குப் போட்டு அடுத்தது, அதை வச்சு அதுக்கடுத்ததுன்னு போகுது. ரேண்டம் நம்பர் குடுக்குற ஆர்என்டி, புரோகிராமை ஓட்டுற ஒவ்வொரு தடவையும் ஒரே ஆரம்ப நம்பர்ல இருந்து கிளம்புறதால வரிசையும் மாறாது. புரோகிராம் தொடக்கத்துல ரேண்டமைஸ் டைமர்னு ஒரு வரி, ஒரே ஒரு தடவை, போட்டுட்டா போதும், டைமர்ங்கறது நடுராத்திரில இருந்து எத்தனை செகண்ட் ஆச்சுங்கற கணக்கு, அது ஓட்டுற நேரத்துக்கு நேரம் மாறும், அதனால ஆரம்பமும் மாறும். லூப்புக்குள்ள, அதாவது திரும்பத் திரும்ப ஓடுற பகுதிக்குள்ள, போட வேண்டாம், நெறைய பேர் அங்க தான் போடுறாங்க. தாயக்கட்டை மாதிரி 1-ல இருந்து 6 வரைக்கும் வேணும்னா இன்ட்(ஆர்என்டி * 6) + 1, இன்ட்ங்கறது புள்ளிக்குப் பின்னாடி இருக்கறத வெட்டிடும், கடைசில அந்த + 1 ஏன்னா ஆர்என்டி சைபரைக் குடுக்கலாம் ஆனா முழுசா ஒண்ண எப்பவும் குடுக்காது, + 1 இல்லாட்டி 0-ல இருந்து 5 வரைக்கும் தான் கிடைக்கும். இன்னொன்னு, ஒரே வரிசை வர்றது ஒரு வகையில வசதியும் கூட, கேம்ல ஒரு தப்பு வந்தா மறுபடி ஓட்டினா அதே தப்பு அதே இடத்துல வரும், பிடிக்கிறது சுலபம். சி மொழியிலயும் இதே கதை தான், அங்க எஸ்ராண்ட்னு ஒண்ணு கூப்பிடலேன்னா இதே மாதிரி தான் ஆகும். அப்ப இது கியூபேசிக்கோட வயசுப் பிரச்சனை எப்படி ஆகும்?

பேசிக் 1964-ல டார்ட்மத் காலேஜ்ல ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ்னு ரெண்டு கணக்கு வாத்தியாருங்க ஆரம்பிச்சது, சயின்ஸ் படிக்காத பசங்களும் கம்ப்யூட்டர்ல கை வைக்கணும்னு தான் ஆரம்பிச்சாங்க. அதாவது புதுசா வர்றவங்க கேள்வி கேப்பாங்கன்னு தெரிஞ்சே செஞ்ச மொழி. அன்னைக்கு ஸ்கிரீன் கிடையாது, டெலிடைப்னு டைப்ரைட்டர் மாதிரி ஒண்ணு, பேப்பர்ல அடிக்கும், மேல போயி ஒரு எழுத்த மாத்த வழியே இல்ல. அதனால தான் ஒவ்வொரு வரிக்கும் நம்பர், 30-ம் வரி தப்புன்னா 30-னு போட்டு திரும்ப அடிச்சா பழசு போயி புதுசு வந்துடும். ஏன் 10, 20, 30-னு போடுறாங்க 1, 2, 3-னு போட்டா என்னன்னு கேக்குறவங்களுக்கும் இதுலயே பதில் இருக்கு, நடுவுல ஒரு வரி சொருகணும்னா 15-னு போட இடம் வேணுமில்ல. இடம் தீந்துபோச்சுன்னா கியூபேசிக்குக்கு முந்தின ஜிடபிள்யூ-பேசிக்ல ரீநம்னு அடிச்சா அதுவே எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கிடும், உள்ள இருக்குற கோட்டூ (இந்த நம்பர் வரிக்குத் தாவுங்கற கட்டளை) நம்பரைக் கூட சேத்து மாத்திடும். கியூபேசிக்ல நம்பரே தேவையில்ல.

இந்த மாதிரி கேள்விங்களுக்கு நான் ரொம்ப நாளா பதில் சொல்லிட்டு வர்றேன், சுத்திச் சுத்தி கொஞ்சம் கேள்விங்க தான் வருது. முதல்ல வர்றது, புது கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குதேங்கறது. கியூபேசிக் 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸ் அதை எடுத்துக்கவே எடுத்துக்காது, செட்டிங்ஸ்ல எதை நோண்டினாலும் பிரயோஜனம் இல்ல. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள ஓட்டலாம், இல்லேன்னா கியூபி64 போட்டுக்கலாம், அது கிட்டத்தட்ட அதே மொழிய இன்னைக்கு மெஷினுக்கு நேரா கம்பைல் பண்ணிக் குடுக்குது. இதுலயே ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொரு கேள்வி, பழைய ஜிடபிள்யூ-பேசிக் ஃபைல கியூபேசிக்ல தொறந்தா கண்டபடி கிறுக்கலா வருதுங்கறது. ஃபைல் கெட்டுப் போகல, ஜிடபிள்யூ-பேசிக் சும்மா சேவ் பண்ணா சுருக்கக் குறியீடா தான் எழுதும், எழுத்தா வேணும்னா சேவ் கட்டளையில ஃபைல் பேருக்கு அப்புறம் ஒரு கமா போட்டு இங்கிலீஷ் முதல் எழுத்தான ஏ-ய சேக்கணும். இத தெரியாம பழைய ஃபைலையே அழிச்சவங்க இருக்காங்க, அதான் வயித்தெரிச்சல்.

அடுத்தது ஓவர்ஃப்ளோ. இதுல கொஞ்சம் நின்னு பேசணும். முழு எண் வைக்குற இன்டீஜர்னு சொன்னா அதுல -32768-ல இருந்து 32767 வரைக்கும் தான் புடிக்கும், ஏன்னா அது 16 பிட், அதாவது 0 இல்ல 1 வைக்குற 16 கட்டம். அதத் தாண்டினா ஓவர்ஃப்ளோன்னு நிக்கும், பெருசா வேணும்னா லாங் எடுத்துக்கோங்க, 214 கோடி வரைக்கும் போகும், இது வரைக்கும் எல்லாரும் புரிஞ்சுக்கிறாங்க. ஆனா விஷுவல் பேசிக் 6-ல ஒருத்தர் லாங்னு அறிவிச்ச ஒரு வேரியபிள்ல (மதிப்ப வச்சுக்குற பேர் போட்ட பெட்டி) ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட்னு 24 * 60 * 60 போடுறார், ஓவர்ஃப்ளோன்னு வருது, விடை 86400 தானே, லாங்ல தாராளமா புடிக்குமே, என்ன இழவுடா இதுன்னு தலைய பிச்சுக்கிறார். விஷயம் என்னன்னா விடை எங்க போயி உக்காரப் போகுதுன்னு கணக்குப் போடும்போது அது பாக்கறதே இல்ல, 24, 60, 60 மூணும் சின்ன நம்பர் அதனால மூணும் இன்டீஜர், இன்டீஜரை இன்டீஜரால பெருக்கினா விடையும் இன்டீஜர் தான்னு எடுத்துக்குது, 1440 வரைக்கும் சரி, அதை மறுபடி 60-ஆல பெருக்கும்போது வெடிக்குது, இடது பக்கம் இருக்குற லாங் வரைக்கும் சமாச்சாரம் போயே சேரல. 24-க்குப் பின்னாடி ஒரு & குறி போட்டா முடிஞ்சுது, ஒண்ணு லாங் ஆனா மத்ததும் லாங்கா மாறிடும். சி, ஜாவால 32 பிட் நம்பர்களைப் பெருக்கி 64 பிட்ல போடுறவங்களுக்கும் இதே தான் நடக்கும், என்ன அங்க எர்ரர் கூட வராது, தப்பு விடை சத்தமில்லாம வந்து உக்காந்துக்கும். பேசிக் நின்னு கத்துது பாருங்க, கத்துக்கிறவங்களுக்கு அது எவ்ளோ நல்லது.

புள்ளிக் கணக்கும் அப்படித்தான். ஃபார் லூப்ப 0-ல இருந்து 1 வரைக்கும் 0.1 ஸ்டெப்ல ஓட்டினா கியூபேசிக்ல கடைசி 1 வராமலே நின்னுடும். பையன் தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டு லூப்பையே பத்து தடவ பாப்பான், ஆனா லூப்ல ஒண்ணுமில்ல, 0.1-ங்கறது கம்ப்யூட்டரோட 0, 1 மட்டும் வச்சு எழுதுற பைனரி முறையில முடிவே இல்லாத எண், எங்கயோ வெட்டித்தான் வைக்கணும், வெட்டினத பத்து தடவ கூட்டினா ஒண்ண விட துளி அதிகமா போயிடுது, ஒண்ண தாண்டிட்டதால லூப் முடிஞ்சது. 0-ல இருந்து 10 வரைக்கும் முழு எண்ணா ஓட்டி உள்ள 10-ஆல வகுத்துக்கோன்னு சொன்னா சரியாயிடும். சரி பைத்தானுக்குப் போனா இது தீந்துடுமா? அங்கயும் 0.1-ஐ பத்து தடவ கூட்டிப் பாருங்க, 0.9999999999999999 வரும். இங்க துளி கூட, அங்க துளி கம்மி, அவ்ளோ தான். மொழிய மாத்துன்னு சொன்னவரு இதுக்கு என்ன சொல்லுவாரோ.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. பேர் மாதிரி எழுத்த ஒரு வேரியபிள்ல வைக்கும்போது டைப் மிஸ்மேட்ச்னு வந்தா வேரியபிள் பேருக்குப் பின்னாடி டாலர் குறி இல்லேன்னு அர்த்தம், டாலர் இருந்தா தான் எழுத்து, இல்லேன்னா நம்பர். ரீடூ ஃப்ரம் ஸ்டார்ட்னு வந்தா நம்பர் கேட்ட இடத்துல எழுத்து அடிச்சிருப்பாங்க, இல்ல பேருக்கு நடுவுல கமா போட்டிருப்பாங்க, கமா இருந்தா இன்புட் கட்டளை அத ரெண்டா பிரிச்சுப் பாக்கும், முழு வரியும் வேணும்னா லைன் இன்புட். வட்டம் வரைய சர்க்கிள் போட்டா இல்லீகல் ஃபங்க்ஷன் கால்னு வருதா, மேல ஸ்கிரீன் 12-னோ 13-னோ போட மறந்திருப்பாங்க, எழுத்து மோட்ல படம் வராது. புரோகிராம் நிக்கவே மாட்டேங்குதா, கன்ட்ரோல் அழுத்திக்கிட்டு பிரேக். காத்திருக்க வைக்க சும்மா ஒரு வெத்து லூப் ஓட விடுற பழக்கம் பழைய புத்தகத்துலலாம் இருக்கும், இன்னைக்கு மெஷின்ல அது கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுடும், ஸ்லீப் போட்டுக்கோங்க.

ரிட்டர்ன் வித்தவுட் கோஸப், இத சொல்லாம விட முடியாது. கோஸப்ங்கறது சப்ரூட்டின்ங்கற தனித் துண்டைக் கூப்பிடுறது, ரிட்டர்ன் கூப்பிட்ட இடத்துக்குத் திரும்புறது. கோஸப்பே போட்டிருக்கேனே அப்புறமும் ஏன் வருதுன்னு அழாத குறையா கேப்பாங்க. மெயின் வேலை முடிஞ்ச இடத்துல எண்ட் போட்டிருக்க மாட்டாங்க, புரோகிராம் அது பாட்டுக்கு கீழ எறங்கி சப்ரூட்டினுக்குள்ள போயி ரிட்டர்ன்ல முட்டிக்கும், யாரும் கூப்பிடாம வந்துட்டு எங்க திரும்பிப் போறது. ஒரு எண்ட் போதும்.

அப்புறம் எழுத்துப் பிழை. மேல டோட்டல்னு எழுதிட்டு கீழ ஒரு எழுத்த விட்டுட்டு அடிச்சா எர்ரரே வராது, புதுசா ஒரு வேரியபிள்னு நெனச்சு அதுல சைபர வச்சுக்கிட்டு சந்தோஷமா ஓடும், விடை மட்டும் சைபர். கணக்கு தப்பா வருது லாஜிக் சரியா இருக்குன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறது இதைத் தான். விஷுவல் பேசிக்ல ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்னு மேல போட்டா அறிவிக்காத பேர ஒத்துக்காது, கியூபேசிக்ல அது இல்ல, கண்ணால தான் பாக்கணும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி ஒண்ணு உண்டு. பிரிண்ட் 5 = 5 போட்டா -1 வருதே, இது என்ன கூத்துன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. சரிங்கறதுக்கு பேசிக்ல -1, தப்புக்கு 0. ஏன் மைனஸ்னா, 16 பிட்டும் 0-வா இருந்தா சைபர், அத்தனையையும் திருப்பிப் போட்டு எல்லாம் 1 ஆச்சுன்னா கம்ப்யூட்டர் கணக்குல அது -1, நாட்ங்கற கட்டளை செய்யறது இந்தத் திருப்பிப் போடுற வேலை தான். அதனால தான் நாட் 1 போட்டா 0 வராம -2 வரும், -2 சைபர் இல்லாததால அதுவும் சரின்னே ஆகும், இஃப் நாட் போட்டு எழுதினவங்க இங்க தான் வழுக்குவாங்க. இந்த ஒரு கேள்விய வச்சு பிட்டு, நெகட்டிவ் நம்பர், லாஜிக் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிக் குடுத்துடலாம் சார். இத போயி காலாவதின்னு தள்ளி விட்டா நஷ்டம் யாருக்கு.

கோட்டூ கெட்ட பழக்கம் அதனால பேசிக்கே வேணாம்னு ஒரு கட்சி இருக்கு. கோட்டூவ திட்டி டைக்ஸ்ட்ராங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1968-ல எழுதினது, அதுவும் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியருக்குக் கடிதமா தான் வந்துச்சு, அதுல சொன்ன நியாயம் நியாயம் தான், இங்கேயும் அங்கேயும் தாவுற புரோகிராம படிக்கவே முடியாது. ஆனா கியூபேசிக்லயே டூ லூப் இருக்கு, சப் இருக்கு, ஃபங்க்ஷன் இருக்கு, செலக்ட் கேஸ் இருக்கு, கோட்டூவே இல்லாம முழுசா எழுதலாம். நாளைக்கு பைத்தானுக்குப் போகட்டும், போகணும் தான், நான் வேணாம்னு சொல்லல. இன்னைக்கு கேட்டதுக்கு இன்னைக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் அனுப்புங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் தான். கேள்வி அனுப்புறவங்களுக்கு அந்தப் பகுதி மேலயே ரெண்டு வரி அச்சடிச்சுடுங்க, எந்த பேசிக்னு எழுதுங்க, வந்த எர்ரர அப்படியே எழுதுங்க, எந்த வரியில நின்னுச்சோ அந்த வரிய ஒரு எழுத்து மாறாம எழுதுங்கன்னு. ஜிடபிள்யூ-பேசிக்கா கியூபேசிக்கா விஷுவல் பேசிக்கான்னு தெரியாம பதில் சொல்றது குத்துமதிப்பா தான் இருக்கும், வேலை செய்யலன்னு மட்டும் எழுதினா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. போன வாரம் கேட்ட அந்த ஸ்டூடண்டுக்கு ரேண்டமைஸ் டைமர் சமாச்சாரத்தையாவது அடுத்த இதழ்ல போட்டுடுங்க, மீதிக்கு இடம் இல்லேன்னாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்