போபோஸ் கடந்த நாற்பது நொடி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய காணொளியை ஸ்டுடியோவின் பெரிய திரையில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன். 2022 ஏப்ரல் 2 அன்று, செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்திலிருந்து பெர்சிவியரன்ஸ் ஊர்தி எடுத்த அந்தக் காட்சியில், செவ்வாயின் நிலாவான போபோஸ் சூரியனைக் கடக்க நாற்பது நொடிக்குச் சற்றே கூடுதலாகிறது. நம் நிலாவைப் போல வட்டமாக இல்லாமல், அப்போதுதான் தோண்டியெடுத்த சேனைக்கிழங்கைப் போல ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நீளவாட்டிலேயே 27 கிலோமீட்டர்தான் என்பதால், சூரியனை முழுதாக மறைக்க அதனால் இயலாது. வெயிலைத் தணிக்கும் வடிகட்டியைப் போட்டு எடுத்திருப்பதால் சூரியப் புள்ளிகள்கூடத் துலங்குகின்றன. படம் பிடிப்பவனாக நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

இந்தச் சிறிய நிழலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டும், அம்மணி. செவ்வாய்க்கு மேலே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் உயரத்தில் 7 மணி 39 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடும் போபோஸ், நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் வீதம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கணக்கிட்ட நொடிக்கு அது சூரியனைத் தொடுகிறதா, முந்துகிறதா என்று பார்த்துத்தான் அந்த இறக்கத்தைத் திருத்தமாக அறிகிறார்கள். 2004-இல் ஆப்பர்சூனிட்டி என்ற முந்தைய செவ்வாய் ஊர்தி எடுத்த படங்கள் முதல் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் ஒரு வரவு. கட்டளை அங்கே போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், கேமராவுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

சூரிய கிரகணம் வந்த 2019 டிசம்பர் 26 காலை நினைவிருக்கிறதா? புளியமரத்து இலை இடுக்குகளில் நுழைந்த வெயில், சாணம் தெளித்த நம் வாசலெங்கும் சின்னச் சின்னப் பிறைகளாக விழுந்தது. உன் வெள்ளைத் துப்பட்டாவிலும் நாலைந்து விழுந்தன. அந்தப் படம் இன்றும் கடைச் சுவரில் இருக்கிறது. ஆனால் பேட்டரி மாற்றிய பிறகு கேமராவின் கடிகாரத்தை நான் சரிசெய்யவில்லை. அந்தப் பிறை எத்தனை மணி, எத்தனை நிமிடத்துப் பிறை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தக் காணொளியைப் பார்த்த பிறகு அது என்னை மிகவும் வருத்துகிறது.

2027 ஆகஸ்ட் 2 மாலையில் இங்கே பகுதிக் கிரகணம் தெரியும். அப்போது விடுப்பு கிடைத்தால் வந்துவிடு. கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் நின்று நொடியைப் படித்துச் சொல்லவும் நோட்டில் எழுதவும் நீ வேண்டும்.

அன்புடன்,
அப்பா