கணித வினாத்தாளை எந்த மென்பொருளில் அமைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்வழிக் கணித வினாத்தாள்களில் தலைகாட்டும் அச்சுப்பிழைகளைப் பற்றித் தேர்வுக் காலம்தோறும் வாசகர்கள் எழுதுகிறார்கள். பழி பெரும்பாலும் வினா எடுத்தவர் மீதோ மெய்ப்புத் திருத்தியவர் மீதோ விழுகிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணிதம் கற்பித்து, வினாத்தாள் எடுத்தும் திருத்தியும் பழகியவன் என்ற முறையில், அந்தப் பழியில் ஒரு பங்கு நாம் தட்டச்சுக்குத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளுக்கும் உண்டு என்பதையும், அந்தத் தேர்வை நாம் யோசித்துச் செய்வதே இல்லை என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு பருவத் தேர்வுக்கு நான் எழுதிக் கொடுத்த வினாவில் 10-இன் ஐந்தாம் அடுக்கு இருந்தது. அச்சாகி வந்த தாளில் அது 105 ஆகியிருந்தது. நான் பார்த்த மெய்ப்பில் சரியாகத்தான் இருந்தது. அச்சகத்தில் கோப்பை வேறொரு கணினியில் திறந்து எழுத்துருவை மாற்றியபோது, மேலே இருந்த 5 கீழே இறங்கிவிட்டது. 105 என்று வைத்துக்கொண்டும் அந்தக் கணக்கைப் போட முடியும் என்பதுதான் கொடுமை. மாணவர்கள் யாரும் ஐயம் எழுப்பாமல், முறை பிசகாமல், முற்றிலும் வேறொரு விடையை எழுதிவிட்டு வந்தார்கள். எல்லாருக்கும் மதிப்பெண் கொடுத்தோம். அச்சகத்தாரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அந்த 5 ஓர் அடுக்கு என்பது கோப்பில் எங்குமே பதிவாகியிருக்கவில்லை. சிறிதாக்கி உயர்த்தி வைத்த ஓர் எழுத்து என்று மட்டுமே பதிவாகியிருந்தது.

இதைவிட வேடிக்கையானது பழைய எழுத்துருக்களின் கதை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் குடியேறியிருக்கின்றன. எஃப் இருக்க வேண்டிய இடத்தில் 'க', எக்ஸ் இடத்தில் 'ஒ', சமக்குறியின் இடத்தில் 'ஸ்ரீ'. ஆகவே தமிழ் வாக்கியத்தின் நடுவே ஒரு மாறியை எழுதும்போதெல்லாம் எழுத்துருவை மாற்றி, பிறகு மறுபடியும் தமிழுக்குத் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்தில் நாற்பது இடங்களில் இப்படி மாற்றுகிறவர் ஓரிடத்தில் மறந்தால், எஃப்(எக்ஸ்) என்ற சார்பு க(ஒ) என்று வரும். 'எக்ஸ் சமம் 5' என்பது 'ஒ ஸ்ரீ 5' என்று மங்கலமாக அச்சாகும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடையும், தமிழுக்கென அமைந்த டேஸ்16 குறியீட்டையும் தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், வினாத்தாள் தட்டச்சு நடக்கும் அறைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. கணிதத்துக்கு எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்குப் போகும் முன்பே இந்த எழுத்துருக்களைக் கைவிட்டாக வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டு எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் பயனில்லை.

யூனிகோடுக்கு மாறியவர்களில் மிகப் பெரும்பாலோர் எம்.எஸ். வேர்டையே பயன்படுத்துகிறார்கள். அதைக் குறை சொல்வது எளிது. ஆனால் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதில் உள்ள சமன்பாட்டு வசதி முன்பு இருந்ததைவிடப் பன்மடங்கு மேலானது. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு, அணி எல்லாவற்றையும் அது அமைப்போடு புரிந்துகொள்கிறது. அடுக்கை அடுக்காகவே வைத்திருக்கிறது. அரைப் பக்கத்துக்கு ஒரு வகுப்புத் தேர்வைத் தயாரிக்கும் ஆசிரியருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 2007-க்கு முன்பிருந்தே வேர்டுடன் வந்துகொண்டிருந்த பழைய சமன்பாட்டுத் திருத்தியில் பாதுகாப்புக் குறை இருப்பது 2017-இல் வெளியே தெரிந்ததும், 2018 ஜனவரியில் அதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அடியோடு நீக்கிவிட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு என்பதால் அதில் தவறு காண முடியாது. ஆனால் அந்தத் திருத்தியில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த சமன்பாடுகள் அன்று முதல் பார்க்கலாம், தொட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டன. அவற்றைத் திருத்த வேண்டுமானால் வேறொரு மென்பொருளை நாட வேண்டும், அல்லது முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். கணித ஆசிரியரின் சொத்து அவர் சேர்த்து வைத்த கணக்குகள்தான். அவை பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் திறக்குமா, திறந்தால் திருத்த முடியுமா என்பதையே ஒரு மென்பொருளிடம் நான் முதலில் கேட்பேன்.

அந்தக் கேள்விக்கு இதுவரை எனக்குக் கிடைத்த திருப்தியான விடை, பக்கங்களை அச்சுக்கு அமைத்துத் தரும் டெக் என்னும் மென்பொருளும் அதன்மேல் கட்டிய லாடெக்கும்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் டொனால்டு கனுத், தம் நூலொன்றின் இரண்டாம் தொகுதிக்கு 1977-இல் வந்த மெய்ப்பைப் பார்த்தார். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை போய், ஒளியால் எழுத்துகளைப் பதிக்கும் முறை வந்திருந்த காலம். பக்கங்கள் அவருக்குச் சகிக்கவில்லை. தாமே ஒரு நிரல் எழுதிச் சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவருக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் பிடித்தன. அப்படிப் பிறந்த டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் கணினி அறிவியலாளர் 1980-களில் லாடெக்கை அமைத்தார். இதில் எழுதப்படுவது வெறும் உரைக்கோப்பு: இங்கே பின்னம், இதன் மேலே இது, கீழே அது என்று சொற்களாலேயே சொல்கிறோம், இடைவெளியையும் அளவையும் நிரல் பார்த்துக்கொள்கிறது. கோப்பை எந்தக் கணினியிலும், எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். டெக்கில் இனிப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழை மட்டுமே திருத்துவேன் என்று கனுத் முடிவு செய்ததால், அதன் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடி பை என்னும் மாறிலியை நோக்கி நகர்கிறது. 2021-இல் அது 3.141592653 ஆனது. நிலைத்தன்மையை இதைவிட அழகாகக் கணித ஆசிரியருக்குச் சொல்ல முடியாது.

ஆனால் தமிழுக்கு என்ன பயன் என்ற கேள்வி நெடுங்காலம் நியாயமான கேள்வியாகவே இருந்தது. பழைய டெக்கில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான். ஆங்கில எழுத்தில் தமிழை உள்ளிட்டு, இடையில் ஒரு நிரலால் மாற்றி, பிறகு அச்சுக்கு அனுப்பும் ஏற்பாடுகள் இருந்தன. நானும் முயன்று கைவிட்டேன். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் அது ககரமும் ஒரே ஓர் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. தாளில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வேலையை அறிந்த டெக் 2004-இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ஸீடெக்கிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது. இப்போது லுவாலாடெக் என்னும் மற்றொரு வடிவமும் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துருவமைப்பியின் துணையுடன் இதைச் செவ்வனே செய்கிறது, அந்த அமைப்பியைக் கோப்பின் தலைப்பகுதியில் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்று போதும். வரியின் நடுவே தமிழும் மாறியும் கலந்து வந்தால் விசைப்பலகையை மாற்றுவதோடு வேலை முடிந்தது. சமன்பாட்டுக்குள்ளேயே 'எனில்' என்றோ 'மற்ற இடங்களில்' என்றோ தமிழ்ச் சொல் வர வேண்டுமானால், அதை உரை என்று தனியே குறிக்க மறக்கக்கூடாது. புதியவர்கள் முதலில் இடறும் இடம் இதுவே.

இன்னொரு சிறு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். டெக் ஒரு வரியை மட்டும் பார்த்து அதை முடிப்பதில்லை. பத்தி முழுவதையும் நோக்கி எங்கெங்கே வரியை ஒடித்தால் இடைவெளிகள் ஒழுங்காக இருக்கும் என்று கணக்கிடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றை எங்கே பிரிக்கலாம் என்று கூறும் விதிக்கோப்பும் இப்போது டெக்குடன் சேர்ந்தே வருகிறது. நாளிதழின் ஒடுங்கிய பத்திகளில் இடைக்கோடே போடாமல் சொல்லை ஒடித்துப் பழகிய நமக்கு இது பெரிய செய்தியாகப் படாமல் போகலாம் என்றாலும், வினாத்தாளில் ஒரு வரி முழுக்க ஓட்டையாகத் தெரிவதை எந்த மாணவரும் விரும்பமாட்டார்.

என்னை முற்றாக லாடெக் பக்கம் இழுத்தது இருமொழி வினாத்தாள். ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டிலும் ஒரே சமன்பாடு இருக்க வேண்டும். வேர்டில் அதை இருமுறை இடுகிறோம், பிறகு ஒன்றைத் திருத்தும்போது மற்றதை மறக்கிறோம். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற குறிப்பைப் போட்டித் தேர்வுத் தாள்களில் காணும்போதெல்லாம், தமிழில் படித்து எழுதுகிறவன் அந்த வரியின் விலையைத் தன் மதிப்பெண்ணால் கொடுக்கிறானே என்று எனக்குத் தோன்றும். லாடெக்கில் சமன்பாட்டை ஒருமுறை எழுதி அதற்கொரு பெயர் வைத்துவிட்டால், தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் அந்தப் பெயரையே அழைக்கும். ஓரிடத்தில் திருத்தினால் ஈரிடத்திலும் திருந்தும். மொழிபெயர்ப்புப் பிழைகளை இது தடுக்காது. சமன்பாடு வேறுபடும் பிழை மட்டும் நேர வழியே இல்லை. தேர்வுத்தாளின் அமைப்பு விதிகளைக் கொண்ட, லாடெக்கில் வகுப்புக் கோப்பு எனப்படும் ஆயத்தக் கோப்பைப் பயன்படுத்தினால், விடைக்குறிப்பையும் வினாவோடு சேர்த்தே எழுதி வைத்து, ஒரு வரியை மாற்றி அதை மறைக்கவோ காட்டவோ முடியும்.

கற்பதற்குக் கடினம் என்பார்கள். உண்மைதான். எனக்கு முதல் இரண்டு வாரங்கள் எரிச்சலிலேயே கழிந்தன; ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததற்கு அது தரும் பிழைச் செய்தி, மறந்த இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசும். முழுத் தொகுப்பை நிறுவப் பல கிகாபைட் இடம் வேண்டும். நிறுவாமலே உலாவியில் எழுதலாம் என்று ஓவர்லீஃப் போன்ற தளங்களை இளைய நண்பர்கள் காட்டுகிறார்கள். பாடக்குறிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் அது நன்று, தேர்வுக்கு முன்பே மறைவாக இருக்க வேண்டிய வினாத்தாளை இன்னொருவருடைய கணினியில் வைத்து எழுதுவதை என் மனம் ஏற்கவில்லை. கட்டளைகளைக் கண்டு அஞ்சுவோர் கட்டளைகளை மறைத்து லாடெக்கை இயக்கும் லிக்ஸ் என்னும் முகப்பைக் கொண்டு தொடங்கலாம். பெர்லினில் இரு மாணவர்கள் தொடங்கி 2023-இல் நிரலைத் திறந்து வெளியிட்ட டைப்ஸ்ட் என்னும் புதிய அச்சமைப்பு மென்பொருளையும் பார்த்தேன். எழுத எளிது, பிழையை நேராகச் சுட்டுகிறது, பக்கம் கண்ணெதிரே உடனுக்குடன் மாறுகிறது. இன்று இருபது வயதில் இருந்தால் ஒருவேளை அதில்தான் தொடங்கியிருப்பேன். ஆனால் ஆய்விதழ்கள் பெரும்பாலும் இன்னும் லாடெக்கையே கேட்கின்றன. பத்தாண்டுச் சோதனையை டைப்ஸ்ட் இன்னும் எழுதவில்லை.

டெக் பயனர் குழு என்னும் பன்னாட்டு அமைப்பின் ஆண்டு மாநாடு 2002-இல் திருவனந்தபுரத்தில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். வெளிநாட்டு ஆய்விதழ்களின் கணிதப் பக்கங்களைக் கோத்துத் தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆண்டுகளாக இயங்குகின்றன, அவற்றில் லாடெக் தெரிந்த நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஊரார் கணிதத்தை இவ்வளவு நேர்த்தியாக அச்சிட்டுக் கொடுக்கும் கைகள் இருக்கும் மாநிலத்தில், நம் பிள்ளைகளின் தேர்வுத்தாளில் அடுக்கு இறங்கிப்போகிறது.

எல்லா ஆசிரியர்களும் லாடெக் கற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வினாத்தாள் எடுப்போருக்கு அனுப்பும் அறிவுரைக் கடிதத்தில், வேர்டு கோப்பு, இன்ன எழுத்துரு என்று மட்டும் வற்புறுத்தாமல், யூனிகோடில் அமைந்த லாடெக் கோப்பும் அதன் பிடிஎஃப் வடிவமும் ஏற்கப்படும் என்ற ஒரு வரியைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகள் சேர்க்கட்டும். அதனுடன், இருமொழிக்கும் ஏற்ற மாதிரிக் கோப்பு ஒன்றையும் துறைகளுக்கு அனுப்பட்டும். அதைத் தயாரிக்க, விவரம் தெரிந்த ஒருவருக்கு ஒரு வாரம் போதும். அச்சகத்துக்குப் போவது திருத்தக்கூடிய கோப்பாக இல்லாமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பாக மட்டும் இருக்கட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு எந்தப் புதிய மென்பொருளும் தேவையில்லை, வேர்டிலிருந்தே செய்யலாம். வரும் பருவத் தேர்விலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கணிதப் பேராசிரியர் (ஓய்வு),
நாகர்கோவில்.