காந்தாரத்தைத் திருத்தாதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மிக்ஸ் வந்தது. பெரிய ஸ்பீக்கரில் கேட்டேன், அப்புறம் ஹெட்போனில், அப்புறம் அம்மாவின் போனில். பாட்டு நன்றாக வந்திருக்கிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பு தாளத்தில் இவ்வளவு இயல்பாக ஒரு பல்லவி அமைவது லேசில்லை. மோகன ராகத்தில் போய்க்கொண்டிருந்தது சரணத்தில் தோடி ராகத்துக்குத் திரும்பும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டொராண்டோவில் ஒரு சின்ன அறையில் லேப்டாப்பையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு நீ செய்திருப்பதை, நான் கோடம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு ஸ்டூடியோவே கூடி நின்றுதான் செய்யும்.

ஆனால் உன் குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். போனில் சொன்னால் "சரிப்பா, பாக்குறேன்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, "சுத்தமாத்தான் இருக்கு, ஆனா இவ இப்படிப் பாட மாட்டாளே" என்றாள். அவள் காது சொன்னது சரி. பல்லவியில் நீ காந்தாரத்தில், ஸ ரி க-வில் வரும் க-வில், நிற்கும் இடங்களையெல்லாம் மெலடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு மேலே ஏற்றியிருக்கிறாய். திரையில் அது கோட்டுக்குக் கீழே தெரிந்திருக்கும். சுருதி குறைகிறது என்று நினைத்திருப்பாய். சுருதி குறையவில்லை அம்மாடி. நீ பாடினதுதான் சரியான இடம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் சுருதி 5 கட்டை, அதாவது ஜி. சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில், மோகனத்தின் காந்தாரமான அந்தர காந்தாரம் 245 ஹெர்ட்ஸில் வரும். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகவே அதிலிருந்து எழும்புமே, பாட்டு டீச்சர் உனக்கு அதைச் சுயம்பு காந்தாரம் என்று சொல்லிக் கொடுத்தாரே, அதுவும் இதே இடம்தான். சட்ஜத் தந்தியின் அதிர்வைப் போல ஐந்து மடங்கில் எழும் ஐந்தாவது ஹார்மானிக் அது. ஆனால் கீபோர்டிலும் மெலடைனின் வழக்கமான கட்டத்திலும் ஒரு ஸ்தாயியைச் சமமாக 12 பங்காக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் காந்தாரம் 247 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. வித்தியாசம் 14 சென்ட், ஒரு அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு. தாளில் ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கும். ஆனால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் நீட்டி நின்று பாடினால் இரண்டும் உரசும். உன் மிக்ஸில் எனக்கு அந்த உரசல் கேட்கிறது.

சரி, பாடும்போது சரியாக இருந்தது மிக்ஸில் உனக்கு ஏன் தப்பாகப் பட்டது? காரணம் நீ பின்னால் போட்டிருக்கும் சிந்த் பேட், நீண்டு ஒலிக்கும் அந்தக் கீபோர்டு ஒலி. அது 247-ல் நிற்கிறது, நீ 245-ல் நிற்கிறாய். இரண்டில் ஒன்றை நகர்த்த வேண்டும் என்று உன் காது சரியாகவே சொல்லியிருக்கிறது. நீ குரலை நகர்த்திவிட்டாய். நான் பேடை நகர்த்தியிருப்பேன்.

இதற்கு உன்னிடமே வழி இருக்கிறது. நீ பாட்டுப் பதியும் ஏபிள்டன் லைவ் மென்பொருளில், 2024-ல் வந்த லைவ் 12-ல், ட்யூனிங் சிஸ்டம் என்று ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள். 12 சமப் பங்குகளை விட்டுவிட்டு, இயற்கை விகிதங்களில் ஸ்வரங்களை வைத்துக்கொள்ளலாம். உன் சட்ஜம் ஜி என்பதற்கு ஏற்ற ட்யூனிங்கைத் தேர்ந்தெடு. சி-யை அடிப்படையாக வைத்ததைப் போட்டால் எல்லாமே இடம் மாறிவிடும். அதில் சிக்கல் வந்தால் இன்னும் எளிய வழி, பேடிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுவது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கட்டும். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட், யார் காதிலும் படாது. காந்தாரத்தை உன் குரல் மட்டும் சொன்னால் போதும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது.

தோடி வரிகளில் நடந்திருப்பது இதைவிடப் பெரிய விஷயம். தோடி காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் தோடி. மெலடைன் அந்த ஒரே அசைவை மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பக்கத்துக் கட்டத்தில் ஒரு ஸ்வரமாக உட்கார வைத்துவிடுகிறது. "சுருதி சரிசெய்" என்று மொத்தமாகக் கொடுத்தால் துண்டுகள் தனித்தனியாக நகரும், கமகம், அதாவது ஸ்வரத்தின் அந்த ஆட்டம், படிக்கட்டாகிவிடும். தயவுசெய்து அந்த வரிகளில் மெலடைனை முழுசாக எடுத்துவிடு. ஒன்றிரண்டு இடத்தில் நிஜமாகவே சுருதி விலகியிருந்தால், துண்டுகளை முதலில் ஒன்றாக ஒட்டி, அந்த முழு அசைவையும் கையால் துளி நகர்த்து. அதற்கு மேல் வேண்டாம்.

இந்தக் கருவிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதிர்வு அலைகளை அலசிக்கொண்டிருந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பி 1997-ல் வெளியிட்டார். மெலடைனைச் செய்தவர்கள் மியூனிக்கில் இருக்கிறார்கள். எல்லாம் அசாத்தியமான வேலை. வெள்ளை, கறுப்புக் கட்டைகளில் நிற்கும் இசைக்கு அவை நன்றாகவே உதவும். நம் பாட்டில் ஸ்வரம் எங்கே முடிந்து கமகம் எங்கே தொடங்குகிறது என்பதை அவை சொல்ல முடியாது. நீ சொல்ல முடியும், சின்ன வயதிலிருந்தே கற்றிருக்கிறாய்.

ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு அங்குல டேப்பில், 24 டிராக்கில் பதிவு செய்வோம். வினாடிக்கு 30 அங்குலம் ஓடவிட்டால் ஒரு ரீல் பதினாறு நிமிடம்தான் வரும். பாடகருக்கு ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் அந்த வரியை மட்டும் பஞ்ச் பண்ணுவோம், அதாவது பழையதன் மேலேயே மறுபடி பதிவு செய்வோம். பஞ்ச் பண்ணினால் பழையது போய்விடும், திரும்ப வராது. அதனால் பட்டனில் விரலை வைக்குமுன் பழைய டேக்கை, முன்பு பாடிப் பதிந்ததை, உன்னிப்பாகக் கேட்போம். இதில் இருக்கிற ஏதோ ஒன்று அடுத்ததில் வருமா என்று இன்ஜினியரும் மியூசிக் டைரக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு அந்தப் பயம் தேவையில்லை, எத்தனை டேக் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேட்கும் பழக்கம் மட்டும் உனக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாட்டை மேலிருந்து கீழ்வரை முழுசாக மூன்று நான்கு தடவை பாடு. லைவ் 11-லிருந்து டேக் லேன் வசதி இருக்கிறது, எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். திரையைப் பார்க்காமல் கேட்டு, எது உயிரோடு இருக்கிறதோ அதை அடிப்படையாக வை. வேறு டேக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் ஒரு முழுச் சங்கதியாக, வரியின் ஒரு முழு வடிவமாக எடு, மூச்சு விடும் இடத்தில் வெட்டு. எழுத்து எழுத்தாக ஒட்டாதே. மூச்சையும் அழிக்காதே. நீ அழித்திருக்கிறாய், இரண்டாவது சரணத்துக்கு முன்னால்.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும்போது குரல் பின்தங்குவதாகச் சொன்னாயே, அது பஃபர் விவகாரம், லேப்டாப் ஒலியை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்ற அளவு. 512 சாம்பிளில் வைத்திருப்பாய். 48 கிலோஹெர்ட்ஸில் அது உள்ளே போவதற்கே 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், வெளியே வர இன்னொரு பங்கு. பாடும்போது 128-க்கோ 64-க்கோ இறக்கு, மிக்ஸ் பண்ணும்போது ஏற்றிக்கொள். அல்லது மைக்கைச் செருகும் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் குரலைக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் போடு, இந்தத் தொல்லையே இல்லை. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இருக்கட்டும். லெவல் உச்சத்திலும் மைனஸ் 10, 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மீட்டரை மேலே முட்ட வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

இனி மிருதங்கம். அந்தத் தம்பி நன்றாக வாசித்திருக்கிறார், என் சார்பில் சொல். ஆனால் நீ அதை வார்ப் பண்ணி, அதாவது நேரத்தை இழுத்தும் சுருக்கியும், 7/8 கட்டத்தில் ஒவ்வொரு அடியையும் உட்கார வைத்திருக்கிறாய். தகிட தகதிமி என்பதில் அவர் "தகதிமி"யை ஒரு மயிரிழை தளர்த்தி வாசிக்கிறார், அதில்தான் நடை இருக்கிறது. அது போய்விட்டது. இன்னொன்று, இடது பக்கமான தொப்பியில் அவர் கையை அழுத்தி நகர்த்திக் கும்கி கொடுக்கும் இடங்களில் ஒலி வழுக்கிப் போகாமல் விக்குகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே நேரத்தை இழுத்ததால் வந்தது அது. வார்ப் மார்க்கர்களில் நீ செய்த திருத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு, ஆவர்த்தனத்தின், அதாவது தாளச் சுற்றின், தொடக்கத்துக்கு மட்டும் ஒரு மார்க்கர் வை. அப்புறம் அந்தக் கிளிப்பையே டெம்போவுக்குத் தலைமையாக வைத்துவிடு. லைவில் அதற்குப் பட்டன் இருக்கிறது. பாட்டு முழுவதும் அவர் காலப்பிரமாணத்தைப் பின்பற்றி ஓடும், நீ போட்ட சிந்த் உட்பட.

வலது பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் வைத்திருக்கிறீர்கள், நல்லது. இரண்டும் எதிரெதிர் திசையில் பார்ப்பதால் சேர்க்கும்போது அடிநாதம் மெலிந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு டிராக்கில் லைவின் யூட்டிலிட்டி கருவியைப் போட்டு ஃபேஸை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார். எதில் தொப்பி கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள். ஒலியின் அடி, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பக்கமே அதற்கு அப்புறம் போ.

மிக்ஸில் மற்றதெல்லாம் சின்ன விஷயம். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் சென்டில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, வார்த்தை தெளியும். மாஸ்டரில், உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டரை இவ்வளவு அழுத்த வேண்டாம். சராசரிச் சத்தத்தை அளக்கும் கணக்கில் நீ மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் வரை கொண்டுபோயிருக்கிறாய். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் மைனஸ் 14-க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். சத்தமும் கூடாது, மிருதங்கத்தின் ஏற்ற இறக்கமும் நசுங்கிப்போகும்.

மேடைக் கச்சேரி விஷயத்துக்கு வருகிறேன். முழு மிக்ஸையும் லேப்டாப்பில் ஓடவிட்டு அதன் மேல் பாடப் போவதாகச் சொன்னாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அப்படிச் செய்தால் மிருதங்கத் தம்பி காதில் தாளம் தட்டும் கிளிக்கை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நீ ஒரு சங்கதியை இன்னொரு தடவை பாட நினைத்தாலும் முடியாது. லேப்டாப்பில் பேடை மட்டும் வை, புரோகிராம் பண்ணிய தாள வாத்தியங்களை மேடைக்குக் கொண்டுபோகாதே. தாளம் இல்லாத பேடுக்குக் கிளிக் வேண்டாம். லைவின் செஷன் வியூவில் பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று கிளிப்புகளை வைத்து, லூப்பில் விட்டுவிட்டுக் கால் பெடலில் மாற்று. கிளிப்பை அடுத்த அளவு வரை காக்க வைக்கும் லாஞ்ச் குவாண்டைசேஷனை இல்லை என்று வைத்தால் நீ மிதித்த கணத்தில் மாறும், தாளம் தொடங்கும் சமத்தில் நீயே மிதித்துக்கொள்ளலாம். வாசிப்பைக் கேட்டு டெம்போவைப் பிடித்துக்கொள்ளும் வசதியும் லைவில் இருக்கிறது. மேடையில் அதை நம்பிப் போகாதே, முடிவுத் தாளக் கணக்கான கோர்வை வரும்போது அது எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது.

தம்புராவை மட்டும் லேப்டாப்பில் வைக்கவே வைக்காதே. தனியாக ஒரு சுருதிப் பெட்டியிலோ, ஏரோபிளேன் மோடில் போட்ட இன்னொரு போனிலோ ஓடட்டும். லேப்டாப் நின்றுபோனாலும் சுருதி நிற்காது, நீங்கள் இரண்டு பேரும் பாட்டை முடித்துவிடலாம். வைஃபையை அணைத்துவிடு. கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் பண்ணி, வெறும் ஒலியாக மாற்றி வைத்துக்கொள். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் உறுமல் வந்தால், உங்கள் ஊரில் அது 60 ஹெர்ட்ஸில் வரும், சார்ஜரைப் பிடுங்கிப் பார். நின்றுவிட்டால் கிரவுண்ட் பிரச்சினை. அந்த உறுமலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

மெலடைனுக்குப் போகுமுன் பாடின டேக்குகள் உன்னிடம் இருக்கிறதுதானே? எதையும் அழிக்காதே. "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்" கொடுத்து, முழு ஃபோல்டரையும் எனக்கு அனுப்பு. அந்தத் தோடி வரிகளைத் திருத்தம் எதுவும் படாமல் நான் கேட்க வேண்டும். எந்த டேக் என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வைப்போம், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒத்துப் பார்க்கலாம். அம்மாவும் ஒன்று தேர்ந்தெடுப்பாளாம்.

அன்புடன்,
அப்பா